மெட்டு நீங்கிய பேஸ் கிட்டார்: இசைவகை, பணி, கருவித் தெரிவு – ஒரு வரலாற்று நோக்கு (1951–2000)

ஆய்வுச்சுருக்கம்

மின்னொலிப் பேஸ் கிட்டாரின் விரற்பலகையில் 1951ஆம் ஆண்டு மெட்டுகள் நிலைபெற்றன. அடுத்த பத்தாண்டுகளுக்குள்ளேயே சில இசைஞர்கள் அவற்றை நீக்கத் தொடங்கினர். மெட்டு நீங்கிய அக்கருவி ராக், ஜாஸ், நாட்டார் சார்ந்த பாடல், பாப், தென்னாப்பிரிக்க நகரிசை, மெட்டல் எனப் பல வகைகளில் இடம்பெற்றது. எந்த இசைவகைக்கு எத்தகைய மெட்டில்லாப் பேஸ் பொருந்தும் என்னும் வினா கருவி வாங்குவோரிடையே தொடர்ந்து எழுகிறது. அவ்வினாவின் அடிப்படையை வரலாற்றுச் சான்றுகளின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது. கருவியின் தெரிவைத் தீர்மானித்தது இசைவகையன்று, குழுவினுள் பேஸ் ஏற்ற பணியே என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மெட்டு, விரற்பலகை, பேஸ் கிட்டார், கருவியியல், சுருதி, ஜாக்கோ பாஸ்டோரியஸ், பினோ பல்லாடினோ

முன்னுரை

இசைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஒரு கருவியில் புதிதாக ஓர் உறுப்புச் சேர்க்கப்படும்போது அது வளர்ச்சி எனக் குறிக்கப்படுகிறது. உறுப்பு ஒன்று நீக்கப்படும்போது அந்நிகழ்வு தனிமனிதரின் விசித்திரமாகவோ மேதைமையாகவோ விளக்கப்பட்டுவிடுகிறது. மெட்டில்லாப் பேஸ் கிட்டாரின் வரலாறு இந்த இரண்டாம் போக்குக்கு ஆளாகியுள்ளது. அக்கருவி பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்னும் ஒரே பெயரில் தொடங்கி அதே பெயரில் முடிகிறது. இதனால் இரு விளைவுகள் நேர்கின்றன. அவருக்கு முன்னும் உடனும் இயங்கியோரின் பங்களிப்பு மறைகிறது. மெட்டில்லாப் பேஸ் என்றால் இன்ன ஒலிதான் என்னும் குறுகிய எதிர்பார்ப்பும் உருவாகிறது. கருவி தேர்ந்தெடுப்போர் அந்த எதிர்பார்ப்பையே அளவுகோலாகக் கொள்கின்றனர்.

இக்கட்டுரையில் ‘மெட்டு’ என்னும் சொல் வீணையின் தண்டியில் பதிக்கப்படும் உலோகக் கட்டையைக் குறிக்கும் பொருளிலேயே ஆளப்படுகிறது. பாடலின் இசையமைப்பைக் குறிக்கும் வழக்குப்பொருள் இங்குக் கொள்ளப்படவில்லை. தந்தியைத் தாங்கும் பாலத்திற்கு வீணை மரபிலுள்ள ‘குதிரை’ என்னும் சொல்லே கையாளப்படுகிறது. கிட்டாரின் உறுப்புகளைத் தமிழில் விளக்குவதற்கு வீணை மரபின் கலைச்சொற்கள் போதுமானவையாகவும் துல்லியமானவையாகவும் உள்ளன.

1. மெட்டின் வருகை

பேஸ் கிட்டாருக்கு முன்னோடி டபுள் பேஸ். வயலின் குடும்பத்தைச் சார்ந்த அப்பெருங்கருவிக்கு மெட்டுகள் இல்லை. அதன் தந்தி நீளம் வழக்கமாக 104 முதல் 106 செ.மீ. வரை அமையும். நின்றுகொண்டு வாசிக்க வேண்டிய கருவி அது. எடுத்துச் செல்லக் கடினமானது. மின்னொலிக் கிட்டாரும் தாளக்கருவிகளும் உரத்து ஒலிக்கத் தொடங்கிய சூழலில் அதன் ஒலி அமிழ்ந்துபோனது.

இச்சிக்கலுக்குத் தீர்வு காணும் முயற்சிகள் 1930களிலேயே தொடங்கின. அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சார்ந்த பால் டட்மார்க், ஆடியோவாக்ஸ் என்னும் பெயரில் மெட்டுகள் கொண்ட மின்னொலிப் பேஸ் ஒன்றை 1930களின் நடுப்பகுதியில் உருவாக்கினார். அது பரவலாகவில்லை. 1951இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் உருவாக்கிய கருவியே நிலைபெற்றது. அதன் தந்தி நீளம் 34 அங்குலம். மெட்டுகள் 20. நான்கு தந்திகளும் டபுள் பேஸின் சுருதி முறையிலேயே கூட்டப்பட்டன.

ஃபெண்டர் தம் கருவிக்கு ‘பிரிசிஷன் பேஸ்’ எனப் பெயரிட்டார். துல்லியம் என்னும் பொருளுடைய அச்சொல் மெட்டின் பயனைச் சுட்டுகிறது. வாசிப்பவரின் விரல் சற்றே முன்பின் அமைந்தாலும் சுரத்தின் இடம் மாறுவதில்லை. தந்தி மெட்டின் விளிம்பில் முடிவதால், சுரத்தின் நிலையை விரலன்றி மெட்டே தீர்மானிக்கிறது. கிட்டார் வாசித்துப் பழகியவர் டபுள் பேஸின் நெடும்பயிற்சியின்றிப் பேஸ் வாசிக்க இது வழி செய்தது. ஆகவே, மெட்டின் வருகை ஒலியழகு பற்றிய முடிவாக மட்டும் அமையவில்லை. அது தொழில்முறைத் தேவையிலிருந்தும் பிறந்தது.

2. மெட்டு செய்வதும் மெட்டின்மை செய்வதும்

சமபகுப்பு முறையில் ஒவ்வொரு மெட்டும், எஞ்சியுள்ள தந்தி நீளத்தை 17.817ஆல் வகுத்துக் கிடைக்கும் தொலைவில் பதிக்கப்படுகிறது. 34 அங்குலக் கருவியில் முதல் மெட்டு ஏறத்தாழ 1.9 அங்குலத்திலும், பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியான 17 அங்குலத்திலும் அமையும்.

மெட்டை நீக்கினால் இரு மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, சுருதி பற்றியது. ஓர் அரைச்சுரத்தை 100 சென்ட் எனக் கொள்வது கருவியியல் மரபு. 34 அங்குலத் தந்தியின் தொடக்கப் பகுதியில் ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். விரல் 3 மி.மீ. பிசகினால் சுரம் 6 சென்ட் விலகும். பன்னிரண்டாம் நிலையிலோ அதே 3 மி.மீ. பிசகு 12 சென்ட் விலக்கத்தைத் தரும். மேற்செல்லச் செல்லப் பிழையின் விளைவு பெருகுகிறது. எனவே தாழ்ந்த நிலைகளில் மட்டும் வாசிப்பவருக்கும், மேல்நிலைகளில் இன்னிசை வாசிப்பவருக்கும் மெட்டின்மை விடுக்கும் அறைகூவல் ஒன்றன்று.

இரண்டாவது மாற்றம் ஒலித்தன்மை பற்றியது. உலோக மெட்டின் கூர்விளிம்பில் முடியும் தந்தி தெளிவான, நீண்ட ஒலியைத் தரும். சதைப்பற்றுடைய விரல்நுனியில் முடியும் தந்தியின் உயர் அதிர்வுகளை விரல் உள்வாங்கிக்கொள்கிறது. அதனால் ஒலியின் தொடக்கம் மென்மையாகவும் அதன் வாழ்நாள் குறுகியதாகவும் அமைகின்றன. தந்தியைப் பலகைக்கு மிக அருகில் தாழ்த்தி அமைத்தால், அதிரும் தந்தி விரலை அடுத்த பலகைப் பரப்பைத் தொட்டுத்தொட்டு மீள்கிறது. இத்தொடுகையே மெட்டில்லாப் பேஸுக்கே உரிய, வாய்திறந்து பாடுவது போன்ற நெகிழொலியைத் தோற்றுவிக்கிறது.

இவ்வொலியின் அளவும் நீட்சியும் மூன்று கூறுகளைச் சார்ந்தவை: பலகையின் கடினம், தந்தியின் புறப்பரப்பு, தந்திக்கும் பலகைக்கும் இடையிலான உயரம். உலோக நாடாவால் சமதளமாகச் சுற்றப்பட்ட தட்டைச்சுற்றுத் தந்தி இருண்ட, குறுகிய ஒலியைத் தரும். உருண்டைக் கம்பியால் சுற்றப்பட்ட தந்தி பளிச்சிடும் நீண்ட ஒலியைத் தரும். ஆயின் அதன் சொரசொரப்பு அரம்போலப் பலகை மரத்தை அராவும். மெட்டில்லாப் பேஸின் வரலாற்றில் நிகழ்ந்த பிரிவுகள் பலவும் இம்மூன்று கூறுகளை ஒட்டியே அமைந்தன.

3. முதல் நீக்கங்கள்: 1961–1970

பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் இணைந்த பில் வைமன், 1961இல் மலிவு விலைப் பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கினார். அது டாலஸ் டக்சீடோ என்னும் பெயரில் பிரிட்டனில் விற்கப்பட்ட கருவி. அதன் மெட்டுகள் அதிர்ந்து இரைந்தன. புதியன பதிக்கும் எண்ணத்துடன் அவற்றைக் கழற்றிய வைமன், கழற்றிய நிலையில் எழுந்த ஒலியை விரும்பி அப்படியே வைத்துக்கொண்டார். இங்கு மெட்டு நீக்கம் அழகியல் கொள்கையிலிருந்து தோன்றவில்லை. பழுதுபார்ப்பின் இடைநிலை ஒன்று நிலைத்துவிட்டது. அக்குழுவின் தொடக்ககாலப் பதிவுகளில் வைமனின் பேஸ் தாளத்துடன் ஒட்டி, அடித்தளத்தில் இயங்கியது. பாடும் குரலாக அது முன்வரவில்லை.

இரண்டாம் நிகழ்வு தொழிற்சாலையில் நடந்தது. ஆம்பெக் நிறுவனத்தைத் தோற்றுவித்த எவரெட் ஹல் ஒரு டபுள் பேஸ் இசைஞர். டபுள் பேஸின் அடிமுளையில் ஒலி உணரியைப் பொருத்தும் முயற்சியிலிருந்தே நிறுவனத்தின் பெயர் பிறந்தது. 1966இல் அந்நிறுவனம் ஏயூபி-1 என்னும் மெட்டில்லா மின்னொலிப் பேஸை வெளியிட்டது. தொழிற்சாலையில் மெட்டின்றியே தயாரித்து விற்கப்பட்ட முதல் பேஸ் கிட்டாராக இதுவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. டபுள் பேஸ் வாசிப்போர் தம் விரற்பழக்கத்தை இழக்காமல் மின்னொலிக்கு மாற வேண்டும் என்பது இதன் நோக்கம். சுருள்வடிவத் தலையும், உடலை ஊடுருவிய எஃப் வடிவத் துளைகளும் அந்நோக்கத்தைக் கண்ணுக்குக் காட்டின. 1970களின் தொடக்கத்தில் ‘தி பேண்ட்’ குழுவின் ரிக் டேங்கோ ஆம்பெக் மெட்டில்லாப் பேஸை வாசித்தார். அமெரிக்க வேரிசை சார்ந்த அக்குழுவின் பாடல்களில் அக்கருவி, பாடகரின் குரலுக்குக் கீழே உருண்டு செல்லும் ஆதார ஒலியாக அமைந்தது.

1970இல் ஃபெண்டர் நிறுவனமும் பிரிசிஷன் பேஸின் மெட்டில்லா வடிவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துல்லியத்தின் பெயரால் மெட்டைப் பதித்த கருவி, அதே பெயருடன் மெட்டின்றி வெளிவந்தது. அதாவது பாஸ்டோரியஸின் முதல் தனித்தொகுப்பு வெளிவருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே மெட்டில்லாப் பேஸ் கடைகளில் கிடைக்கும் பொருளாகியிருந்தது.

4. வன்பரப்பும் பாடும் பேஸும்: 1974–1977

வெதர் ரிப்போர்ட் என்னும் ஜாஸ் குழுவில் பாஸ்டோரியஸுக்கு முன் பேஸ் வாசித்தவர் அல்ஃபோன்சோ ஜான்சன். அவரும் மெட்டில்லாப் பேஸ் வாசித்தவரே. அவர் பங்கேற்ற ‘மிஸ்டீரியஸ் டிராவலர்’ 1974இல் வெளிவந்தது. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் அதே காலத்தில் ரால்ஃப் ஆம்ஸ்ட்ராங் மெட்டில்லாப் பேஸைக் கையாண்டார். ஆகவே ஜாஸ்–ராக் கலப்பிசையில் இக்கருவி ஒருவரால் மட்டும் புகுத்தப்பட்டதன்று.

பாஸ்டோரியஸின் பங்களிப்பை எங்கு வைப்பது என்னும் வினா இதனால் எழுகிறது. 1951இல் பென்சில்வேனியாவில் பிறந்து ஃபுளோரிடாவின் கடலோர நகரான ஃபோர்ட் லாடர்டேலில் வளர்ந்த அவர், முதலில் டபுள் பேஸும் வாங்கி வாசித்தார். கடலோர ஈரப்பதத்தால் அது வெடித்துப் பிளந்தது. அதன் பின்னரே மெட்டில்லாப் பேஸ் கிட்டாரின் பக்கம் முழுமையாகத் திரும்பினார் என்பது அவரைப் பற்றிய வழக்கமான வரலாறு. அவருடைய புகழ்பெற்ற கருவி 1962ஆம் ஆண்டைய ஃபெண்டர் ஜாஸ் பேஸ். அதன் மெட்டுகளைத் தாமே பெயர்த்ததாக அவர் கூறியதுண்டு. வாங்கும்போதே மெட்டுகள் நீக்கப்பட்டிருந்ததாகக் கூறியதும் உண்டு. இசைஞரின் வாய்மொழிச் சான்றுகளை ஒன்றோடொன்று ஒப்பிடாமல் ஏற்கும் எழுத்து, இவற்றுள் சுவையான கதையையே வரலாறாக்கிவிடுகிறது.

மெட்டை நீக்கியவர் யார் என்பதைவிட, நீக்கப்பட்ட பின் பலகைக்கு நேர்ந்தது என்ன என்பதே கருவியியல் நோக்கில் முதன்மையானது. மெட்டுப் பள்ளங்கள் நிரப்பப்பட்டன. பலகையின் மேல் படகுகளுக்குப் பூசும் கடல்சார் எபாக்சி பூசப்பட்டது. ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் உருண்டைச்சுற்றுத் தந்திகள் மரத்தை அராவாமல் தடுப்பது இப்பூச்சின் உடனடிப் பயன். கண்ணாடிபோல் இறுகிய அப்பரப்பு ஒலியின் வாழ்நாளையும் நீட்டியது. குதிரையை அடுத்துள்ள பிக்கப்பின் ஒலியை முன்னிறுத்தியபோது நடுத்தர அதிர்வுகள் ஓங்கி, பேஸ் ஒரு பாடகரின் குரல்போல் கூட்டத்திலிருந்து தனித்துக் கேட்டது. 1976இல் வெளிவந்த அவருடைய முதல் தனித்தொகுப்பில் ‘டோனா லீ’ என்னும் பீபாப் இன்னிசை, காங்கா தாளம் மட்டும் துணையாக, பேஸிலேயே முழுவதும் வாசிக்கப்பட்டது. 1977ஆம் ஆண்டின் ‘ஹெவி வெதர்’ இவ்வொலியை உலகெங்கும் கொண்டுசேர்த்தது.

இதே காலத்தில் ஜோனி மிட்செலின் ‘ஹெஜிரா’ (1976) தொகுப்பின் நான்கு பாடல்களில் பாஸ்டோரியஸ் வாசித்தார். ஜாஸ் குழுவிலிருந்து முற்றிலும் வேறான, கிட்டாரும் பெண்குரலும் மட்டும் முன்னிற்கும் பாடல்கள் அவை. இசைவகை மாறியது, பேஸின் பணி மாறவில்லை. இரண்டிடத்திலும் அது முதற்குரலுடன் உரையாடும் இரண்டாம் குரலாகவே இயங்கியது. இசைவகை கருவியைத் தீர்மானிக்கும் என்னும் கருத்துக்கு இதுவே முதல் மறுப்புச் சான்று.

5. பரவல்: 1980கள் முதல் 2000 வரை

பிரிட்டனின் ‘ஜப்பான்’ குழுவைச் சார்ந்த மிக் கார்ன், டிராவிஸ் பீன் நிறுவனத்தின் அலுமினியக் கழுத்துடைய பேஸை வாசித்துப் புகழ்பெற்றார். பின்னர் வால் நிறுவனக் கருவிக்கு மாறினார். ‘டின் டிரம்’ (1981) தொகுப்பில் அவருடைய பேஸ், சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்லும் தனிநடையைக் கொண்டது.

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் பிறந்த பினோ பல்லாடினோவின் கருவி 1979ஆம் ஆண்டைய மியூசிக் மேன் ஸ்டிங்ரே. ஒரே பெரிய பிக்கப்பும் மின்கலத்தால் இயங்கும் ஒலிச்சீராக்கியும் கொண்ட மாதிரி அது. கேரி நியூமனின் ‘ஐ, அசாசின்’ (1982) என்னும் மின்னணு இசைத்தொகுப்பிலும், பால் யங் பாடிப் பிரிட்டனில் 1983இல் முதலிடம் பெற்ற ‘வேரெவர் ஐ லே மை ஹேட்’ என்னும் சோல் பாடலிலும் பல்லாடினோவின் மெட்டில்லாப் பேஸே ஒலித்தது. இவ்விரு வகைகளும் தம்முள் மிகவும் விலகியவை. எனினும் இரண்டிலும் இயந்திரத்தன்மையும் நிலைத்த சுருதியும் கொண்ட சின்தசைசர் ஒலிகளுக்கு நடுவே, நெகிழ்ந்து மனிதக் குரலை ஒத்து ஒலிப்பதே பேஸின் பணியாக இருந்தது. பல்லாடினோ 2000ஆம் ஆண்டில் டி’ஏஞ்செலோவின் ‘வூடூ’ தொகுப்பில் பங்கேற்றபோது மெட்டுடைய ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை நாடினார். அங்குப் பேஸ் பாடவில்லை. தாளத்தைத் தாங்கி நின்றது. சோல் என்னும் இசைவகை ஏறத்தாழ அதுவே. பணி மாறியதால் கருவி மாறியது. முதல் சான்றின் மறுபக்கமாக இதனைக் கொள்ளலாம்.

பால் சைமனின் ‘கிரேஸ்லேண்ட்’ (1986) மூன்றாம் சான்று. நிறவெறி ஆட்சிக்கு எதிரான பண்பாட்டுப் புறக்கணிப்பு நடப்பிலிருந்த காலத்தில் ஜொகான்னஸ்பர்க்கில் பதிவுகள் தொடங்கப்பட்டமையால் அத்தொகுப்பு கடும் விவாதத்துக்கு உள்ளானது. அதில் மெட்டில்லாப் பேஸ் வாசித்தவர் தென்னாப்பிரிக்கரான பக்கிதி குமாலோ. தாவிக்குதிக்கும் நடனத்தாளத்துக்கு மேல் வழுக்கு ஒலிகளை அவர் இழைத்தார். ‘யூ கேன் கால் மீ ஆல்’ பாடலில் வரும் சிறு தனி வாசிப்பின் பிற்பாதி, முற்பாதியின் ஒலிநாடாவைப் பின்னோக்கிச் செலுத்தி ஆக்கப்பட்டது. மெட்டில்லாப் பேஸ் என்றால் மெதுவான, உருக்கமான பாடலுக்குரியது என்னும் கருத்தை இப்பதிவு தகர்த்தது.

நான்காம் சான்று மெட்டல் இசை. டெத் குழுவின் ‘இண்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்’ (1993) தொகுப்பில் ஸ்டீவ் டி ஜியார்ஜியோவும், சினிக் குழுவின் ‘ஃபோகஸ்’ (1993) தொகுப்பில் ஷான் மலோனும் மெட்டில்லாப் பேஸ் வாசித்தனர். உருமாற்றப்பட்ட கிட்டார்களின் செறிந்த ஒலிச்சுவரில், கிட்டாரையே இரட்டித்து வாசிக்கும் பேஸ் காதுக்கு எட்டுவதில்லை. தொடக்கத்தில் மென்மையும் நடுவில் ஓங்குதலும் உடைய மெட்டில்லா ஒலி, கிட்டாரிலிருந்து வேறான நிறம் பெற்றுத் தனி இன்னிசையாகப் பிரிந்து கேட்கிறது.

6. ஒரே சிக்கல், வேறொரு தீர்வு

மெட்டுடைய கருவியில் சுரங்களுக்கு இடைப்பட்ட ஒலிகளை எவ்வாறு எழுப்புவது என்பதே மெட்டு நீக்கத்தின் அடியிலுள்ள வினா. தமிழிசைச் சூழலில் இவ்வினா புதிதன்று. 24 மெட்டுகள் கொண்ட வீணையில், மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிறப்பிக்கப்படுகிறது. கோட்டுவாத்தியமோ மெட்டின்றி, தந்தியின் மேல் உருளும் கட்டையால் வாசிக்கப்படுகிறது. மெட்டை ஏற்று அதனை மீறுதல், மெட்டையே துறத்தல் என்னும் இரு வழிகளும் ஒரே மரபில் உடன் வாழ்கின்றன.

1970களின் மேலையிசையில் இவ்விரு வழிகளும் ஒரே காலத்தில் தோன்றின. கிட்டார் இசைஞர் ஜான் மெக்லாஃப்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். எல். சங்கர், ஜாகிர் உசேன், டி. எச். விநாயக்ராம் ஆகியோருடன் அவர் நடத்திய ‘சக்தி’ குழுவுக்காக கிப்சன் நிறுவனக் கிட்டார் ஒன்று தனியே வடிவமைக்கப்பட்டது. அதன் விரற்பலகை, மெட்டுகளுக்கிடையே குழிவாகக் குடையப்பட்டிருந்தது. மெட்டு அப்படியே இருக்க, தந்தியை ஆழ அழுத்தியும் இழுத்தும் சுரத்தை வளைக்க இவ்வமைப்பு இடந்தந்தது. இது வீணையின் வழி. பேஸ் இசைஞர்கள் மேற்கொண்டதோ மெட்டைத் துறக்கும் வழி. இதற்கு இயற்பியல் காரணம் உண்டு. பேஸின் தந்தி தடித்தது, இழுவிசை மிக்கது. அதனை இழுத்துப் பல சுரங்கள் வளைப்பது இயலாது. வீணைத் தந்தியின் நெகிழ்வு இல்லாத இடத்தில் மெட்டைக் களைவதே எஞ்சிய வழியாகிறது.

7. தெரிவுக்கான அளவைகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து கருவித் தெரிவுக்குரிய அளவைகளை வகுத்துக்கொள்ள முடிகிறது. ஜாஸுக்குரியது, ராக்குக்குரியது என இசைவகையால் கருவியைப் பிரிக்கும் விற்பனை மொழி வரலாற்றுடன் பொருந்தவில்லை. பணியால் பிரிப்பதே பொருந்துகிறது. தாங்கும் பேஸ், பாடும் பேஸ் என அப்பணிகளைச் சுருக்கிக் கூறலாம். வைமன், டேங்கோ ஆகியோருடையது முதல் வகை. பாஸ்டோரியஸ், கார்ன், 1980களின் பல்லாடினோ, டி ஜியார்ஜியோ ஆகியோருடையது இரண்டாம் வகை. குமாலோவின் வாசிப்பு இரண்டுக்கும் இடையே விரைந்து மாறுவது.

பல இசைவகைகளுக்கு ஒரே கருவியைத் தேர்பவர், எவற்றைப் பின்னர் மாற்றலாம், எவற்றை மாற்ற இயலாது என்னும் வேறுபாட்டை முதலில் கருத வேண்டும்.

முதலாவது, தந்தி நீளம். இது மாற்ற இயலாதது. 34 அங்குலம் பெருவழக்கு. 1980களில் பிரிட்டனில் உருவான ஆஷ்பரி பேஸ், சிலிக்கான் இரப்பர் தந்திகளுடன் 18 அங்குல நீளத்தில் டபுள் பேஸை ஒத்த ஒலியைத் தந்தது. ஆனால் அந்நீளத்தில் 3 மி.மீ. பிசகு, தொடக்க நிலையிலேயே ஏறத்தாழ 11 சென்ட் விலக்கமாகும். கையடக்கத்துக்கு அக்கருவி கேட்கும் விலை சுருதிக் கவனம்.

இரண்டாவது, பலகைப் பரப்பு. இதனை மாற்றுவது அரிது, செலவு மிக்கது. ஈட்டி மரம் மென்மையான ஒலியைத் தரும், விரைவில் தேயும். கருங்காலி கடினமானது. பூச்சிட்ட பலகை மிக நீண்ட ஒலியைத் தரும். அமெரிக்காவின் பெடுல்லா நிறுவனம் தன் ‘பஸ்’ மாதிரியில் பூச்சிட்ட கருங்காலிப் பலகையைத் தொழிற்சாலையிலேயே வழங்கியது. பாஸ்டோரியஸின் கைவினைத் தீர்வு இவ்வாறு உற்பத்தி முறையாயிற்று. பாடும் பணியே மிகுதி எனில் வன்பரப்பு ஏற்றது. வன்பரப்பில் தட்டைச்சுற்றுத் தந்தியைப் பொருத்தித் தாங்கும் ஒலியை நெருங்கலாம். மென்மரத்தில் உருண்டைச்சுற்றுத் தந்தியை நெடுங்காலம் பயன்படுத்த இயலாது. எனவே இரு பணிகளையும் விரும்புவோருக்கு வன்பரப்பே கூடுதல் இடந்தருகிறது.

மூன்றாவது, பிக்கப்பின் இடம். இரு பிக்கப்புகள் உடைய கருவியில் திருகு ஒன்றின் மூலம் முன்னொலியையும் பின்னொலியையும் கலந்துகொள்ளலாம். கழுத்துப்பக்க ஒலி தாங்கும் பணிக்கும், குதிரைப்பக்க ஒலி பாடும் பணிக்கும் ஏற்றவை. ஒரே பிக்கப்புடைய ஸ்டிங்ரேயில் பல்லாடினோ பல வகைகளையும் வாசித்தார் என்பது, இவ்வளவை உதவியானதே தவிர இன்றியமையாததன்று என்பதைக் காட்டுகிறது.

நான்காவது, நிலைக்கோடுகள். மெட்டுப் பள்ளங்கள் நிரப்பப்பட்ட கருவிகளில் அவற்றின் தடம் கோடுகளாகத் தெரியும். பாஸ்டோரியஸின் பலகையும் அத்தகையதே. கோடுள்ள பலகையை இழிவாகக் கருதும் போக்குக்கு வரலாற்று ஆதாரம் இல்லை. மெட்டுடைய கருவியில் விரல் மெட்டுக்குச் சற்று முன்னே ஊன்றும். மெட்டில்லாக் கருவியில் மெட்டு இருந்திருக்க வேண்டிய இடத்திலேயே ஊன்ற வேண்டும். பழகிய கையை இடம் மாற்றுவதற்குக் கோடு துணை செய்யும். இறுதி நடுவர் செவியே.

ஐந்தாவது, தந்தி. சில நிமிடங்களில் மாற்றத்தக்கது. ஆகவே இதனைக் கடைசியாகத் தீர்மானிப்பதே முறை. நடைமுறையில் வாங்குவோர் பலர் கடையில் பொருத்தப்பட்டிருக்கும் தந்தியின் ஒலியைக் கருவியின் ஒலியாக எண்ணிவிடுகின்றனர். மாற்றத்தக்க ஒன்றைக் கொண்டு மாற்ற இயலாதவற்றைத் தீர்மானிப்பது இங்கு நேரும் பிழை.

மெட்டுடைய பழைய கருவியில் மெட்டை நீக்கிக்கொள்ளும் வழியும் உண்டு. வைமனின் சான்று அதற்கு முன்னோடி. எனினும் மெட்டு நீங்கியவுடன் அதன் உயரமான ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளி கூடுவதால், தந்தியின் தலைப்பக்கப் பள்ளங்களையும் குதிரையையும் தாழ்த்த வேண்டும். பலகையைச் சமன்படுத்தவும் வேண்டும். இவற்றைச் செய்யாத கருவியில் நெகிழொலி பிறப்பதில்லை. அத்தகைய கருவியை வாசித்து மெட்டின்மையே பயனற்றது என முடிவுகட்டுவது பொருந்தாது.

முடிவுரை

மெட்டில்லாப் பேஸ் கிட்டாரின் வரலாறு ஒரு மேதையின் திடீர்ச் செயலில் தொடங்கவில்லை. பழுதுபார்ப்பு, டபுள் பேஸ் இசைஞர்களின் தேவை, தொழிற்சாலையின் கணிப்பு, கடலோர ஈரப்பதம், புதுத் தந்திகளின் சொரசொரப்பு ஆகிய பல காரணங்கள் வெவ்வேறு இடங்களில் இயங்கி அக்கருவியை உருவாக்கின. பாஸ்டோரியஸின் இடம் இதனால் குறைவதில்லை, அது தெளிவாகிறது. மெட்டை நீக்கியதைவிட, மெட்டு நீங்கிய பலகையில் நீண்டு வாழும் ஒலியைப் பெற்று, அதனைக் கொண்டு பேஸை முதற்குரலாக்கியதே அவருடைய பங்களிப்பு.

ஒரே கருவி ஜாஸிலும் நாட்டார் சார்ந்த பாடலிலும் ஒலித்ததும், ஒரே இசைஞர் பணி மாறியபோது மெட்டுடைய கருவிக்குத் திரும்பியதும் இசைவகைப் பெயர்கள் கருவித் தெரிவுக்கு வழிகாட்டப் போதாதவை என்பதை நிறுவுகின்றன. கருவி தேர்பவர் ‘நான் எந்த இசையை வாசிக்கப் போகிறேன்’ என்று வினவுவதற்கு முன் ‘என் பேஸ் தாங்கப் போகிறதா, பாடப் போகிறதா’ என்று வினவுவது பயன்தரும். மேலைக் கருவிகள் குறித்த தமிழாய்வு, வீணை முதலிய நம் கருவிகளின் கலைச்சொற்களையும் கமகம் பற்றிய அறிவையும் துணைகொள்ளுமாயின், இத்தகைய வினாக்களை இன்னும் கூர்மையாக எழுப்ப இயலும். விரற்பலகையின் இயற்பியலையும் கமகத்தின் இலக்கணத்தையும் ஒருங்கே ஆராயும் கருவியியல் ஆய்வுகள் அவ்வகையில் மேற்கொள்ளத்தக்கவை.